ஏறுதலின் இலக்கணம்: ஆழ்நீர்ச் சுழியோட்டப் பாதுகாப்பின் வரலாறு

கடலின் ஆழத்துள் இறங்கும் மனிதனை அச்சுறுத்துவன யாவை என வினவினால் சுறாமீன், நீரோட்டம், இருள், மூச்சுத் திணறல் என்பனவே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். சுழியோட்டத்தின் வரலாறோ வேறொரு விடையைத் தருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் ஆழ்நீரிலே தொழில் புரிந்து மாண்டவருள்ளும் முடமானவருள்ளும் மிகப் பலர், வேலையைச் செவ்வனே முடித்து மேலே திரும்பி, உடையைக் களைந்து, தோழருடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையிலேயே வீழ்ந்தனர். இறங்கியமையால் அன்று, ஏறிய முறையாலேயே அவர்கள் கெட்டனர். இறங்குவதற்குத் துணிவு போதுமானது. ஏறுவதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவு எவ்வாறு திரட்டப்பட்டது, எவருடைய உடல் அதற்கு விலையாயிற்று, திரட்டப்பட்ட அறிவு எவரைச் சென்றடைந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூச்சடக்கிய காலம்

மன்னார்க் குடாவின் முத்துச் சலாபங்கள் உலகப் புகழ் பெற்றவை. தூத்துக்குடிப் பரதவரும், கீழக்கரை முசுலிம்களும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் அங்கே குளித்தனர். கல்லொன்றிற் கால் பதித்து இறங்குதல், கூடையிற் சிப்பிகளைத் திரட்டுதல், கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுதல், படகில் நிற்பவன் இழுக்க மேலெழுதல் என்பதே முறை. முத்துப் பார்கள் ஏறத்தாழ 5 முதல் 10 பாகம் வரையான ஆழத்திலே கிடந்தன. அஃதாவது 9 முதல் 18 மீற்றர் வரை. குளிப்பவர் நீரடியில் நின்றது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த ஹேட்மன் அறிக்கை இப்பார்களின் இயல்பை விரிவாக ஆராய்ந்தது.

இக்குளியாட்கள் மூச்சடைப்புக்கும் செவிநோவுக்கும் ஆளாயினரேனும், பிற்காலத்துச் சுழியோடிகளைத் தாக்கிய முடக்குநோய் அவர்களிடையே பெரிதாகப் பேசப்படவில்லை. காரணம் எளிது. அவர்கள் நீரின் மேலே உள்ளிழுத்த ஒரு மூச்சுக் காற்றை மட்டுமே கீழே கொண்டு சென்றனர். ஆழத்திற் புதிதாகக் காற்று எதனையும் சுவாசிக்கவில்லை. உடலில் மிகுதியாகக் கரைவதற்கு வாயுவும் இல்லை, காலமும் இல்லை. எனினும் இப்பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. பசுபிக் சமுத்திரத்தின் துவாமோத்துத் தீவுகளில் ஒரே நாளிற் பல தடவை பேராழத்துக்கு இறங்கிய முத்துக்குளிப்போர் தலைசுற்றல், வாதம், மனக்கலக்கம் ஆகியவற்றால் துன்புற்றனர். அவர்கள் அந்நோயைத் 'தாரவானா' என அழைத்தனர். ஆழமும் காலமும் சேர்ந்து உடலிலே ஏதோவொரு கணக்கை எழுதுகின்றன என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அமுக்கிய காற்றும் அறியா நோயும்

நீரில் இறங்கும் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. நீர்மட்டத்தில் ஒன்றாக இருப்பது 10 மீற்றரில் இரண்டாகவும், 30 மீற்றரில் நான்காகவும், 40 மீற்றரில் ஐந்தாகவும் ஆகும். அவ்வாழத்தில் மனிதன் சுவாசிக்க வேண்டுமாயின் அதே அமுக்கமுடைய காற்று அவனுக்கு அளிக்கப்படல் வேண்டும். அமுக்கம் மிகுந்தால் காற்றிலுள்ள நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரைகின்றது. அமுக்கம் திடீரெனக் குறைந்தாற் குமிழிகளாக வெளிப்படுகின்றது. மூடியைத் திறந்தவுடன் சோடாப் போத்தல் பொங்குவது போன்றதே இது. 1670ஆம் ஆண்டிலேயே றொபேட் பொயில், காற்றை வெளியேற்றிய கலத்தினுள் வைத்த விரியன் பாம்பொன்றின் கண்ணிற் குமிழி அசைவதைக் கண்டு எழுதியிருந்தார். அக்குறிப்பின் பொருள் விளங்க இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒகஸ்ரஸ் சீபே உருவாக்கிய மூடிய சுழியோட்ட உடையும் செப்புத் தலைக்கவசமும் மனிதனை மணிக்கணக்கில் நீரடியில் நிறுத்தின. 'றோயல் ஜோர்ஜ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் பணி 1839 முதல் கேணல் பாஸ்லியின் தலைமையில் நடைபெற்றது. சுழியோடிகள் அனைவரும் கடுமையான மூட்டுவாதத்துக்கு ஆளாகின்றனர் என அவர் குறித்தார். நீரின் குளிரே காரணமெனக் கருதப்பட்டது. 1841இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் திரிசே, அமுக்கிய காற்றினுள் வேலை செய்த சுரங்கத் தொழிலாளரிடமும் இதையொத்த நோவைக் கண்டார். 1854இல் பொல், வத்தெல் என்னும் இரு பிரெஞ்சு வைத்தியர்கள் அமுக்கத்துள் நுழையும்போது தீங்கில்லை, வெளியேறும்போதே தீங்கு நிகழ்கின்றது என்பதையும், நோயாளியை மீண்டும் அமுக்கிய காற்றினுட் சேர்த்தால் நோவு தணிகின்றது என்பதையும் எடுத்துக் காட்டினர். நோயின் இயல்பும் மருந்தின் திசையும் அவ்வாண்டிலேயே ஓரளவு புலப்பட்டுவிட்டன எனலாம். ஆயினும் அவ்வுண்மை தொழில் நடந்த இடங்களை உரிய காலத்திற் சென்றடையவில்லை.

அதன் விளைவை முதலில் அனுபவித்தோர் ஈஜியன் கடலின் கடற்பஞ்சுக் குளியாட்கள். 1860களிலே தலைக்கவச உடை அத்தீவுகளை அடைந்தது. அதுவரை மூச்சடக்கிக் குளித்தவர்கள் ஒரே நாளிற் பன்மடங்கு பஞ்சைக் கொணர்ந்தனர், வணிகர் செழித்தனர். உடையைத் தந்தவர்கள் அதனுடன் ஏறும் முறையைத் தரவில்லை; தருவதற்கு அவர்களும் அறிந்திருக்கவில்லை. 1867ஆம் ஆண்டுப் பருவத்திலே அவ்வுடை அணிந்து குளித்த 24 பேருள் 10 பேர் மாண்டனர் என அக்காலப் பிரெஞ்சு அறிக்கையொன்று கூறுகின்றது. கலிம்னோசுத் தீவில் இன்றும் ஆடப்படும் ஒரு நடனத்தில் முதல்வன் கோலூன்றி, நடுங்கும் கால்களுடன் அடியெடுத்து வைக்கின்றான். முடமான சுழியோடியின் நடையே அங்கே ஆடலாயிற்று.

கரையிலும் அதே துன்பம் நேர்ந்தது. ஆற்றுப் படுகையிற் பாலத் தூண் நிறுவுவதற்கு அடிப்பாகம் திறந்த பெரும் பேழைகள் இறக்கப்பட்டன. அவற்றுள் அமுக்கிய காற்றைச் செலுத்தி நீரை விலக்க, தொழிலாளர் உள்ளே நின்று மண்ணைத் தோண்டினர். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஈட்சு என்பவர் அமைத்த பாலத்தில், 1870ஆம் ஆண்டு பேழை ஆழமாக ஆழமாகத் தொழிலாளர் மேலே வந்ததும் கூனி நடந்தனர், பின்னர் வீழ்ந்தனர், பன்னிரண்டு பேருக்குக் குறையாதோர் மாண்டனர். பணியிட வைத்தியரான ஜமினே, ஏறத்தாழ 29 மீற்றர் ஆழத்துக்குரிய அமுக்கத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்து, மூன்றரை நிமிடத்தில் வெளியேறினார். அன்றே கைகால் செயலிழந்து உயிருக்குப் போராடினார். அவர் பிழைத்து எழுந்து வேலை நேரத்தைக் குறைத்தார். ஆனால் வெளியேறும் நேரத்தைக் கூட்டுவதே தலையாய பரிகாரம் என்பது அவருக்குப் புலப்படவில்லை. 1872இல் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியியலாளர் வோஷிங்டன் றோப்ளிங்கும் இந்நோயாற் படுக்கையில் வீழ்ந்தார். அவருடைய மனைவி எமிலியே பாலம் 1883இல் திறக்கப்படும்வரை பணித்தளத்துக்கும் அவருக்கும் இடையே தூதாக நின்றார். பொறியியலாளரின் நோய் வரலாற்றில் இடம்பெற்றது. மண் தோண்டியவருட் பலரின் பெயரும் எஞ்சவில்லை.

பெர்ட் முதல் ஹால்டேன் வரை

இந்நோயின் காரணத்தை ஐயந்திரிபற நிறுவியவர் பிரெஞ்சு உடற்றொழிலியல் அறிஞர் போல் பெர்ட். 1878இல் அவர் வெளியிட்ட காற்றமுக்கம் பற்றிய பெருநூல், அமுக்கம் திடீரெனக் குறைந்த விலங்குகளின் குருதியில் தோன்றும் குமிழிகள் பெரும்பாலும் நைதரசன் என்பதைப் பரிசோதனைகளாற் காட்டிற்று. மெல்ல மெல்ல அமுக்கத்தைக் குறைத்தலே தடுக்கும் வழி என அவர் வலியுறுத்தினார். உயிர் காக்கும் ஒட்சிசனே உயர்ந்த அமுக்கத்தில் வலிப்பையும் மரணத்தையும் விளைக்கும் நஞ்சாகின்றது என்பதும் அவர் கண்டதே.

'மெல்ல' என்பது எத்துணை மெல்ல என்னும் வினா எஞ்சியது. இதற்கு எண்களால் விடை தந்தவர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன். பிரித்தானியக் கடற்படை 1905இல் அமைத்த குழுவின் வேண்டுகோளுக்கிணங்க அவர் இவ்வாய்வை மேற்கொண்டார். மருத்துவ நிறுவனமொன்றின் அமுக்க அறையில் வெள்ளாடுகள் அடைக்கப்பட்டன. நோவு கண்ட ஆடு முன்காலைத் தூக்கி நின்றமையால் நோயை இனங்காண்பது எளிதாயிற்று. இரண்டு வளிமண்டல அமுக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தாலும் நேரே ஒன்றுக்கு வருவதாற் பெருந்தீங்கு நேர்வதில்லை என்பது அவர் கண்ட முதற்செய்தி. அவ்வாறாயின் நான்கிலிருந்து இரண்டுக்கும், ஆறிலிருந்து மூன்றுக்கும் வரலாம். தீர்மானிப்பது அமுக்கத்தின் வேறுபாடன்று, விகிதமே என அவர் ஊகித்தார். உடலின் இழையங்கள் யாவும் ஒரே வேகத்தில் வாயுவை ஏற்பதில்லை, விடுவதுமில்லை எனக் கொண்டு, 5, 10, 20, 40, 75 நிமிட அரைக்காலங்களையுடைய ஐந்து வகைகளாக அவற்றைக் கணக்கிட்டார். ஆழத்திலிருந்து பாதியமுக்கம் வரை விரைந்து ஏறி, பின்னர் படிப்படியாக நின்று நின்று ஏறும் முறை இதிலிருந்தே பிறந்தது.

1906இல் ஸ்கொத்லாந்துக் கடலேரி ஒன்றில் கடற்படையினரான டமன்ற், கற்றோ ஆகிய இருவர் இம்முறையைத் தம் உடலிலேயே சோதித்தனர். 210 அடி, அஃதாவது 64 மீற்றர் ஆழம் வரை இறங்கி நலமே மீண்டனர். பொய்கொட், டமன்ற் ஆகியோருடன் ஹால்டேன் எழுதிய ஆய்வுரை 1908இல் வெளிவந்தது. அது இரகசியமாகப் பூட்டி வைக்கப்படாது அச்சில் வந்தமை மிக முக்கியமானதாகும். உலகின் கடற்படைகள் பல அவ்வட்டவணைகளைத் தழுவின. 1917இல் அயர்லாந்துக் கரைக்கப்பால் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்தில் மூழ்கிய 'லோறென்றிக்' கப்பலிலிருந்து, டமன்றின் தலைமையில் 1924 வரை 3,211 பொற்கட்டிகளுள் 3,186 மீட்கப்பட்டன. ஆயிரக்கணக்கான தடவை இறங்கியும் சுழியோடி ஒருவரும் உயிரிழக்கவில்லை. பொன்னை மீட்ட கதையிலும் உயிரைக் காத்த கதையே பெரிது.

முதுகிற் சுமந்த காற்று

குழாயினூடாகக் காற்றுப் பெற்ற சுழியோடியைப் படகிலுள்ளோர் கண்காணித்தனர். எங்கே நிற்பது, எப்போது ஏறுவது என்பதை மேலிருப்பவரே தீர்மானித்தனர். 1943இல் பிரான்சில் ஜாக் குஸ்தோவும் பொறியியலாளர் எமில் கஞ்ஞானும் உருவாக்கிய கருவி இவ்வுறவை மாற்றிற்று. முதுகிற் சுமந்த கலனிலிருந்து, ஆழத்துக்கேற்ற அமுக்கத்தில், மூச்சு இழுக்கும் வேளையில் மட்டும் காற்றைத் தரும் சீராக்கி அது. சுழியோடி மீனைப்போல் விடுதலை பெற்றான். அதேவேளை தன் பாதுகாப்புக்குத் தானே பொறுப்பாளியுமானான். நேரத்தையும் ஆழத்தையும் காற்றின் அளவையும் அவனுடைய மூளையே கணித்தல் வேண்டும். அம்மூளையே ஆழத்தில் மயங்குமாயின் என்செய்வது?

நைதரசன் மதுவைப்போல் அறிவை மயக்குகின்றது என்பதை அமெரிக்கக் கடற்படை வைத்தியர் அல்பேட் பென்கே 1935இல் விளக்கியிருந்தார். ஏறத்தாழ 30 மீற்றரிலிருந்து இம்மயக்கம் புலப்படத் தொடங்குகின்றது. ஆழம் கூடக் கூடுகின்றது. அதன் கொடுமை யாதெனில், மயங்கியவன் தான் தெளிவாகவே இருப்பதாக எண்ணுகின்றான். 1947இல் குஸ்தோவின் தோழரும் பிரெஞ்சுக் கடற்படையினருமான மொறிஸ் பார்க் ஆழத்தின் எல்லையை அறியக் கயிறொன்றைப் பற்றி இறங்கினார். 120 மீற்றரிற் கட்டப்பட்டிருந்த பலகையில் ஒப்பமிட்டார். அவரை மேலே இழுத்தபோது வாயிலிருந்து சுவாசக் குழல் நழுவியிருந்தது, உயிர் திரும்பவில்லை. தேர்ந்த சுழியோடியான அவரை அவருடைய திறமை காக்கவில்லை. சாதாரண காற்றைச் சுவாசிக்கும் பொழுதுபோக்குச் சுழியோட்டத்துக்குப் பிற்காலத்தில் 40 மீற்றர் எல்லையாக வகுக்கப்பட்டமைக்கு இத்தகைய இழப்புகள் தந்த பாடமும் ஒரு காரணமாகும்.

அதற்கு அப்பால் இறங்குவோர் நைதரசனின் இடத்தில் ஈலியத்தைச் சேர்த்தனர். 1939இல் மூழ்கிய 'ஸ்குவாலஸ்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கியை 70 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து மீட்டபோது ஈலியக் கலவை பெரும்பணியொன்றில் முதன்முதலாகப் பயன்பட்டது. ஆனால் வாயுவை மாற்றுவதால் மட்டும் ஆபத்து அகல்வதில்லை. 1962 திசெம்பரில் சுவிற்சலாந்தைச் சேர்ந்த ஹன்னெஸ் கெல்லர் கலிபோர்ணியாக் கடலில் 1,000 அடி ஆழத்தை எட்டினார். உலகம் வியந்தது. எனினும் அவருடன் இறங்கிய பீற்றர் சிமோல் உயிரிழந்தார். உதவிக்குச் சென்ற இளஞ்சுழியோடி ஒருவரும் கடலில் மறைந்தார். சாதனையும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதற்கு அந்நாளே போதிய சான்று.

விதிகளும் அவற்றின் திருத்தமும்

1950களிற் சுழியோட்டம் பொதுமக்களிடையே பரவியது. 1953இல் பிரித்தானியச் சுழியோட்டக் கழகமும், 1959இல் குஸ்தோவைத் தலைவராகக் கொண்ட உலகச் சம்மேளனமும் தோன்றின. பயிற்சி படிமுறையாயிற்று. தொடக்க நிலையினர் 18 மீற்றர் வரையும், மேற்பயிற்சி பெற்றோர் 30 மீற்றர் வரையும், ஆழ்நீர்ப் பயிற்சியை நிறைவு செய்தோர் 40 மீற்றர் வரையும் இறங்கலாம் எனப் பரவலாக வகுக்கப்பட்டது. ஏறும்போது மூச்சை அடக்கலாகாது என்பது முதல் விதி. 10 மீற்றரில் நிறைந்த நுரையீரற் காற்று நீர்மட்டத்தில் இருமடங்காகப் பெருகுமாதலின், அடக்கிய மூச்சு நுரையீரலையே கிழிக்கும். தனியே இறங்காமை, திரும்பி வரவும் இடரில் தோழனுக்கு ஈயவும் போதிய காற்றை ஒதுக்குதல், 5 மீற்றரளவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் தரித்தல் என்பன ஏனையவை.

இவ்விதிகள் மாறாதவை அல்ல. ஏறும் வேகத்தின் வரலாறே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை தன் அட்டவணையைத் திருத்தியபோது, விரைந்து நீந்தும் தவளை வீரர் மிக்க வேகத்தை வேண்டினர். கனத்த உடையணிந்த சுழியோடிகளை அவ்வாறு இழுப்பது இயலாதிருந்தது. ஈற்றில் நிமிடத்துக்கு 60 அடி என இணக்கம் காணப்பட்டது. செக்கனுக்கு ஓரடி என நினைவிற் கொள்ளவும் அது எளிதாயிருந்தது. விஞ்ஞானத்தைவிட வசதியே அவ்வெண்ணைத் தந்தது எனலாம். பல்லாண்டு காலம் உலகெங்கும் மாணவர் அதனை மறைபோல் ஓதினர். 1970களில் ஒலியலைக் கருவிகள் நோய்க்குறி எதுவும் இல்லாத சுழியோடிகளின் குருதியிலும் குமிழிகள் ஓடுவதைக் காட்டின. மேலேறும் முன் ஓரிரு நிமிடம் தரித்தாலே அக்குமிழிகள் பெரிதும் குறைவதும் காணப்பட்டது. 1993இல் அக்கடற்படையே வேகத்தை 30 அடியாகப் பாதியாக்கிற்று. சூரிச் நகரப் பேராசிரியர் பூல்மன் 1983இல் நூலாக வெளியிட்ட கணிப்புமுறை, சுழியோடியின் மணிக்கட்டிலுள்ள சிறு கணனிகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. ஹால்டேனின் ஐந்து இழையங்கள் அதிற் பதினாறாகப் பெருகின. அடிப்படைக் கருத்து அவருடையதே.

அறிவு சென்றடையாத கடல்கள்

இலங்கைக் கடலிலும் இவ்வரலாற்றின் சுவடுகள் உள. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமி மலையின் அடியில் இறங்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். ஏட்டிலும் மரபிலும் வாழ்ந்த செய்தி கண்ணாற் கண்ட சான்றாயிற்று. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' ஏறத்தாழ 53 மீற்றரிற் கிடக்கின்றது. பொழுதுபோக்கு எல்லைக்கு அப்பாற்பட்ட அவ்வாழத்துக்கு இறங்குவோர் நிமிடக் கணக்கில் திட்டமிட்டு, படிப்படியாகத் தரித்தே ஏறுகின்றனர்.

அதே கடல்களிற் சங்கும் கடலட்டையும் எடுக்கும் தொழிலாளரும் காற்றுக் கலனுடன் இறங்குகின்றனர். கரைக்கு அண்மையில் வளம் குன்றக் குன்ற ஆழம் கூடுகின்றது. ஒரு நாளில் இறங்கும் தடவைகளும் கூடுகின்றன. கூலி எடுத்த பொருளுக்கே கிடைக்கின்றது. நீரில் தரித்து நிற்கும் நிமிடங்களுக்கு எவரும் கூலி தருவதில்லை. இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. ஒண்டூராசு நாட்டின் மிஸ்கிற்றோ மக்கள் சிங்கிறால் பிடிக்கக் கலனுடன் இறங்கி, நூற்றுக்கணக்கில் முடமாயினர். அவர்களுள் 42 பேரின் வழக்கில், 2021 ஓகத்து 31ஆம் நாள், அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்று தீர்ப்பளித்தது. தொழில் தருவோரை மேற்பார்வை செய்து சுழியோடிகளின் உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பது அவ்வழக்கால் உறுதிப்பட்டது. ஹால்டேனின் ஆய்வுரை வெளிவந்து 113 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது நிகழ்ந்தது.

ஈஜியன் கடலில் 1860களில் நேர்ந்ததும் இதுவே: கருவி முன்னே சென்றது, அறிவு பின்தங்கியது. ஆனால் அன்று அறிவு எவரிடத்தும் முழுமையாக இருக்கவில்லை; இன்று அது அட்டவணையாகவும் நூலாகவும் கணனியாகவும் உள்ளது. ஆதலின் அன்றைய மரணங்களை அறியாமையின் விளைவு எனலாம். இன்றைய முடக்கங்களுக்கு அவ்வாறு பெயரிட இயலாது. முன்னாளில் மன்னார்க் கடலில் இறங்கியவன் தன் உயிரைப் படகிற் கயிறு பிடித்து நின்றவனிடம் ஒப்படைத்தே இறங்கினான். கலனைச் சுமந்து இறங்கும் இன்றைய தொழிலாளிக்கு அக்கயிற்றின் இடத்தில் நிற்க வேண்டியது ஏறும் முறை பற்றிய அறிவும், அதன்படி நின்று ஏற அவனுக்கு வேண்டிய நேரமுமே. அவற்றை அவனுடைய மொழியில், அவனுடைய கரையில் சேர்ப்பது கற்றோர் கடன். கலனை விற்போரும், அதனாற் பொருளீட்டுவோரும், உரிமம் வழங்குவோரும் அக்கடனைப் பகிர்ந்துகொள்ளும் வரையும் இவ்வரலாறு முற்றுப்பெற்றதாகாது.